அம்மா ஊருக்குப் போயிருக்கு

ருக்மணிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி நம்பினார், கேன்டீன்காரர் நம்பினார், பர்சனல் ஆபீசர் கமலக்கண்ணன் கையெழுத்தே போட்டு நம்பினார். அது பொய் என்று தெரிந்தவர்கள் ஓசூரில் நாலே பேர். அவள் புருஷன் முனிவேல், வீட்டுக்காரம்மா சாந்தம்மா, அந்த வேலையை வாங்கிக் கொடுத்த ரேவதி, அப்புறம் அவள் பெற்ற மகள் தர்ஷினி. தர்ஷினிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அவளுக்கு என்ன தெரியும், எதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று அன்றைக்கு யாரும் நின்று விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

முனிவேலும் ருக்மணியும் சாமல்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் பெருமூச்சு. கல்யாணம் ஆன கையோடு முனிவேல் ஓசூருக்கு வந்து ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உருப்படிகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மேலே ஆர்டர் குறைந்தது. கீழே பட்டறையில் நாளைக்கு வா, நாளன்றைக்கு வா என்று அலைக்கழித்து, கடைசியில் வேலை வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவேயில்லை. கிடைத்த நாளில் டெம்போவில் லோடு ஏற்றப் போவான். கிடைக்காத நாளில் மத்தியானத்திலேயே வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவான்.

அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் கடைசி அறையில் இருந்தவள் ரேவதி. காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் வேலை பார்த்தாள். தண்ணீர்க் குழாயடியில் ஒருநாள் குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆளு எடுக்கறாங்கக்கா. நீ பத்தாவது பாஸுதானே? ஒண்ணே ஒண்ணுதான், கல்யாணம் ஆகாத பொண்ணுங்கதான் வேணுமாம்."

"எனக்கு இடுப்புல ஒண்ணு தொங்குதே, அதை என்னா பண்றது?" என்று ருக்மணி சிரித்தாள்.

"இருபத்தொண்ணு வயசுதானே உனக்கு. தாலியக் கழட்டி வெச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது? நான் சொல்லிக்கிறேன், எங்க ஊருப் பொண்ணுதான்னு."

கல்யாணம் ஆனவர்கள் ஏன் ஆகாது என்று கேட்டால் கம்பெனியில் காரணங்கள் கத்தையாக இருந்தன. லீவு போடுவார்களாம். மசக்கை என்பார்களாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதி ஷிப்டில் ஓடுவார்களாம். ஆண்களுக்கு இந்த மாதிரி விதி ஒன்றும் கிடையாது. ஆணுக்குப் பிள்ளை பிறந்தால் அன்றைக்கு லைனில் எல்லோருக்கும் லட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

ருக்மணிக்குத் தாலியைக் கழற்றுவதுதான் பெரிய பாவமாகத் தெரிந்தது. மறைத்துப் போட்டுக்கொண்டு போகலாம் என்றால் கேட்டில் ஒரு பெண் செக்யூரிட்டி கழுத்திலிருந்து கால்வரை தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். முதல்நாள் காலையில் மெட்டியை உருவினாள். தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் சுற்றித் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்தாள். முனிவேல் வெளியே போய் நின்றுகொண்டான். "உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது மாமா" என்று அவள் அழுதபோது, "எனக்கு என்னா ஆவப்போவுது, நல்லாத்தான இருக்கேன், போய்ட்டு வா" என்றான். வேலை இல்லாதவனுக்குக் கோபப்படவும் உரிமை இல்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

சேர்ந்த கொஞ்ச நாளில், புதுப் பெண்களின் வீட்டை நேரில் பார்க்க கமலக்கண்ணன் வருவார் என்று ரேவதி சேதி கொண்டுவந்தாள். நல்ல குடும்பமா, சொன்ன விலாசம் சரியா என்று பார்ப்பதற்காம். மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். ருக்மணி தன் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள். முனிவேல் அக்கா புருஷன். அக்கா நாலு நாளைக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். இப்படி ஒரு கதை கட்டினார்கள். முனிவேலை அவள் எப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா புருஷனும் மாமாதானே! அந்த ஒரு சௌகரியத்தைப் பார்த்துத்தான் மூவருக்கும் துணிச்சல் வந்தது. மாமா என்ற சொல்லில் ஒரு மாற்றமும் வேண்டியதில்லை. மாற வேண்டியது ஒரே ஒரு சொல்தான், அதைச் சொல்ல வேண்டியவள் தர்ஷினி.

ருக்மணி மகளை மடியில் வைத்துக்கொண்டு பழக்கினாள். பொட்டுக்கடலையும் வெல்லமும் கையில் கொடுத்து, விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தாள்.

"ஒரு மாமா வருவாங்க. என்னைக் காட்டி யாருன்னு கேப்பாங்க. நீ என்னா சொல்லணும்?"

"அம்மா."

"இல்லடி செல்லம். சித்தின்னு சொல்லணும். சித்தின்னா வாங்க போங்கன்னு மரியாதையாப் பேசணும். அம்மா எங்கன்னு கேட்டா?"

"இங்க."

"இல்ல. அம்மா ஊருக்குப் போயிருக்கு. சொல்லு."

"அம்மா ஊருக்குப் போயிருக்கு."

ஒவ்வொரு முறை சரியாகச் சொன்னபோதும் வாயில் ஒரு துண்டு வெல்லம் விழுந்தது. வெல்லம் தீரும் முன்பே பாடம் முடிந்துவிட்டது. புத்திசாலிக் குழந்தை என்று அம்மாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கமலக்கண்ணன் கெட்டவர் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கொடுத்த காப்பியைக் குடித்தார், குழந்தைக்கென்று ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்து வந்திருந்தார். "பாப்பா, அம்மா எங்கம்மா?" என்று அவர் கேட்டதும் தர்ஷினி கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, "அம்மா ஊருக்குப் போயிருக்கு. இவங்க எங்க சித்தி" என்றாள். கேட்காததற்கும் சேர்த்துப் பதில் வந்துவிட்டது. முனிவேல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போனபிறகு ரேவதி குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு கேட்டது.

பொய் அன்றோடு முடிந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனி வேன் தெரு முனைக்கே வந்து நின்றது. வேனில் வரும் பெண்கள் சில நாள் இறங்கித் தண்ணீர் கேட்டு வீடுவரை வருவார்கள். அதனால் ருக்மணி ஒரு விதி போட்டாள். அம்மா கம்பெனி யூனிபார்ம் நீலச் சட்டை போட்டிருந்தால் சித்தி. வேன் வரும்போது ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளக் கூடாது, தூக்கு என்று கையை நீட்டக் கூடாது. சாந்தம்மா வீட்டு வாசலில் நின்று டாட்டா மட்டும் காட்டலாம். சாந்தம்மா தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற மனுஷி. குழந்தையைப் பகலில் வைத்துக்கொள்ள அவள் ஒப்புக்கொண்டாளே தவிர, இந்த விதியை ஒப்புக்கொள்ளவில்லை. "ஏனம்மா இது? பெத்தவள சித்தின்னு கூப்பிடச் சொல்ற! வேற வேலையே கெடைக்கலையா இந்த ஓசூர்ல?" என்றாள்.

வேற வேலை கிடைத்திருக்குமோ என்னவோ, இந்த வேலை ருக்மணிக்குப் பிடித்துப் போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக மட்டுமே அவள் போனாள் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆளுயரப் பலகையில் கலர் கலராக ஒயர்களை ஓடவிட்டு, திரும்பும் இடத்தில் திருப்பி, டேப் சுற்றி, ஒரு மரத்தைக் கிளையோடு இறக்குவது மாதிரி முழுசாக இறக்கும்போது அவளுக்கு ஒரு நிறைவு வந்தது. சானமாவுக் காட்டில் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் ராயக்கோட்டைப் பக்கத்து வேன் வராது. அப்போது வராதவர்களின் போர்டையும் சேர்த்துப் பார்த்து லைனை ஓட்டிவிடுவாள். சூப்பர்வைசர் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாராட்டினார். சாமல்பட்டியில் அவள் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை, திட்டும்போது தவிர. வீட்டில் கேஸ் அடுப்பு வந்தது. முனிவேலும் சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டு, எழுந்து டிரைவிங் கற்றுக்கொள்ளப் போனான். சித்திரை பிறந்தால் அவளை கன்பார்ம் பண்ணிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அதற்கு முன்னால் குட்டு உடைந்தால் அவளும் வெளியே, சிபாரிசு செய்த ரேவதியும் வெளியே. கன்பார்ம் ஆகிவிட்டால் அப்புறம் கல்யாணம் ஆனதாக ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டவேண்டும்.

இதற்கிடையில் தர்ஷினி தனக்கென்று ஒரு உலகத்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அது ஒரு சாயங்காலம் தெரியவந்தது. வேலை முடிந்து வந்த ருக்மணி நீலச் சட்டையோடு சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் வந்து நின்று, "சித்தி, அம்மா எப்ப வரும்?" என்று கேட்டது.

ருக்மணி சிரித்துவிட்டாள். "கழுதை, வீட்டுக்குள்ள எதுக்குடி சித்தி? கதவு சாத்தியிருக்குல்ல."

குழந்தை சிரிக்கவில்லை. "சித்தி, நான் செவுத்துல கிறுக்கிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றது.

ருக்மணி குளித்துவிட்டுப் புடவை கட்டி, பருப்பு டப்பாவிலிருந்து தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். தர்ஷினி ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா வந்தாச்சு! அம்மா வந்தாச்சு!" என்று குதித்தாள். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு அன்றைய சேதி முழுதும் சொன்னாள். சுவரில் கிறுக்கியதை மட்டும் சொல்லவில்லை.

இதை ருக்மணி வேடிக்கையாகத்தான் முனிவேலிடம் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும் ருக்கு, இந்த வெளையாட்டு. புள்ளைக்கு மண்டை கொழம்பிடும்" என்றான். "சித்திரை வரைக்கும்தான் மாமா" என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர, மனசு சுருக்கென்றது. தாலிக்காக அவள் முன்கூட்டியே அழுது வைத்திருந்தாள், சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தும் வைத்திருந்தாள். இதற்காக ஒன்றும் முடிந்து வைக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சட்டையை மாற்றினாள். ஒரு வாய் தண்ணீர்கூட அப்புறம்தான். குழந்தைக்கு நிஜமாகவே இரண்டு பேர் என்று தோன்றியதா, அல்லது நிறுத்தத் தெரியாத விளையாட்டா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.

பங்குனியில் மலைக்கோயில் தேர் வந்தது. ஓசூரில் தேர் என்றால் ஊர் ஊராக ஜனம் வந்து குவியும். கர்நாடகத்துக்காரர்களும் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அந்த வருஷம் கம்பெனி சார்பில் தேர்ப்பேட்டையில் மோர்ப் பந்தல் போட்டார்கள். ஊற்றிக் கொடுக்க லைனிலிருந்து நல்ல பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். கமலக்கண்ணன் முதலில் எழுதிய பெயர் ருக்மணி. பந்தலுக்கு மேலே பெரிய பேனர், அதில் நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாகச் சிரித்தார்கள். பெண் உயர்ந்தால் நாடு உயரும் என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, இந்தப் பெண் பிள்ளைகள் வேலைக்கு வந்ததால்தான் இந்தப் பகுதியே மாறிப்போனது என்று பேசினார். பேசியதில் பொய் இல்லை. கடைத்தெரு மாறியிருந்தது, பஸ்ஸில் கூட்டம் மாறியிருந்தது, அடகுக்கடை வாசலில்கூட எடுக்க வந்தவர்கள் கூடியிருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் பிள்ளை இருக்கக் கூடாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

தேர் பார்க்க வேண்டும் என்று தர்ஷினி ஒற்றைக்காலில் நின்றதால் முனிவேல் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பந்தல் பக்கம் வரவே கூடாது என்று ருக்மணி முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவனும் வரவில்லை. தூரத்தில் எங்கேயோ, வடம் பிடிக்கும் கூட்டம் முண்டியடித்த இடத்தில், குழந்தையை ஒரு நிமிஷம் கீழே இறக்கி நிற்க வைத்தான். கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. திரும்பிப் பார்த்தால் குழந்தை இல்லை.

ருக்மணிக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் அண்டாவில் மோரைக் கலக்கி டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண் போலீஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். அவள் கையில் தர்ஷினி. ஒரு காலில் செருப்பு இல்லை. கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. அழுது அழுது ஓய்ந்து, தேம்பல் மட்டும் மிச்சம் இருந்தது.

"இந்தக் கம்பெனியில வேல செய்யறவங்க புள்ளையா இது? அம்மா எங்கன்னா ஊருக்குப் போயிருக்குங்குது. நீலச் சட்டை சித்தி, நீலச் சட்டை சித்தின்னு அதையே சொல்லுது. இந்த பேனரைப் பாத்ததும் கையக் காட்டுச்சு" என்றாள் போலீஸ்காரி.

ருக்மணியின் கையில் மோர் டம்ளர் இருந்தது. தர்ஷினி அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் இரண்டு கையும் தானாக மேலே போயின. பாதி தூரம் போனபிறகு குழந்தையின் கண் அந்த நீலச் சட்டைமேல் பட்டது. கைகள் அப்படியே கீழே இறங்கின. பக்கத்தில் நின்ற யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரிந்திருக்காது. ருக்மணிக்குத் தெரிந்தது.

டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வாரி எடுத்திருக்கலாம். அக்கா பெண் தொலைந்து கிடைத்தாலும் சித்தி தூக்கத்தானே செய்வாள்? யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். பின்னாளில் அவள் ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்து வந்து நின்ற இடம் இதுதான். தூக்கியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில், தூக்கினால் தன் வாயிலிருந்து என்ன வரும், குழந்தை வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்கு நிச்சயமில்லை. கமலக்கண்ணன் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றார். கன்பார்ம் லிஸ்டைப் பற்றி அன்று காலையில்தான் அவளிடம் சொல்லிச் சிரித்திருந்தார். அவள் கால் அசையவில்லை.

"எங்க அக்கா பொண்ணு மேடம்" என்றாள். குரல் சுத்தமாக இருந்தது. "ஏன் பாப்பா, அப்பா எங்க?"

"அப்பா காணாமப் போயிட்டாங்க" என்றாள் தர்ஷினி.

"பெத்தவ பக்கத்துல இல்லாத புள்ளைய இந்தக் கூட்டத்துல இப்படியா விடுவீங்க? கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு போலீஸ்காரி போனாள்.

கமலக்கண்ணன் குழந்தையை அடையாளம் கண்டுகொண்டார். "அட, நம்ம பிஸ்கட் பாப்பா! உங்கக்கா அன்னைக்குப் போனவங்க இன்னுமா வரல?"

"அக்கா மாமியாருக்குக் கை கால் வராமப் போயிடுச்சு சார். அங்கயே இருந்து பாக்குது."

சாமல்பட்டியில் கம்பு மூட்டையைத் தனியாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்த மாமியாரை ஒரே வாக்கியத்தில் படுக்கையில் தள்ளியாயிற்று. கமலக்கண்ணன் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினார். பிறகு குனிந்து தர்ஷினியைத் தானே தூக்கிக்கொண்டார். தன் கர்ச்சீப்பால் அவள் முகத்தைத் துடைத்தார். ருக்மணி கையில் இருந்த டம்ளரை வாங்கி, குழந்தைக்கு மோர் புகட்டினார். தர்ஷினி அவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு ருக்மணியையே பார்த்தாள். அதில் கோபமோ ஏக்கமோ இருந்ததாகச் சொல்ல முடியாது. தெரிந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ருக்மணி அடுத்த டம்ளரை எடுத்து, வரிசையில் நின்றவருக்கு ஊற்றினாள்.

முனிவேல் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தபோது குழந்தை சமாதானமாகியிருந்தது. அவன் முதலில் மகளைப் பார்த்தான், அவளை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தான், அப்புறம் அண்டா பக்கத்தில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். மகளை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பந்தல் வேலை முடிந்து ருக்மணி வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. சட்டையை மாற்றினாள், புடவை கட்டினாள், தாலியைப் போட்டுக்கொண்டாள். எப்போதும் ஓடிவருகிற தர்ஷினி அன்று மெல்ல வந்து மடியில் ஏறினாள். அவள் தலையில் கூட்டத்துப் புழுதி வாசனையும் மோர் வாசனையும் அடித்தன.

"அம்மா, நீ எதுக்கு ஊருக்குப் போன? நான் தேர்ல தொலஞ்சு போயிட்டேன் தெரியுமா?"

"தெரியும்டி கண்ணு."

"போலீஸு என்னைப் புடிச்சுக்கிச்சு. சித்தி இருந்தாங்க. ஆனா சித்தி என்னைத் தூக்கவே இல்லம்மா. பிஸ்கட் மாமாதான் தூக்குனாங்க. நீ இருந்தா தூக்கியிருப்பல்ல?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த முனிவேல் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம், தூக்கியிருப்பேன் என்று ருக்மணி சொல்லிவிட்டால் முடிந்தது. குழந்தை தானே ஒரு வழி பண்ணி வைத்திருந்தது. செய்ததெல்லாம் சித்தி, நல்லவள் அம்மா. அந்த வழியில் போய் ஒளிந்துகொள்ள அவளுக்குக் கூசியது.

"தர்ஷினி, இங்க பாரு. அது சித்தி இல்ல. நான்தான். எப்பவும் நான்தான். அம்மா எந்த ஊருக்கும் போவல."

குழந்தை அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தது. கழுத்துச் சரடைத் தொட்டுப் பார்த்தது. தெரியாத விஷயத்தைக் கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை, தெரிந்ததை இனி மறைக்க வேண்டாம் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

"அப்ப ஏன் தூக்கல?"

கமலக்கண்ணனுக்குச் சொல்ல அவளிடம் பதில் இருந்தது, போலீஸ்காரிக்கு இருந்தது, சாந்தம்மாவுக்குக்கூட இருந்தது. இவளிடம் வாய்க்கு வந்த உண்மையைச் சொன்னாள்.

"தூக்குனா வேல போயிடும்னு பயந்துட்டேன்டி. தப்புதான். அம்மா பண்ணது தப்பு. இனிமே யாரு கேட்டாலும் அம்மான்னே சொல்லு. போனாப் போவட்டும்."

தர்ஷினி மடியிலேயே தூங்கிவிட்டாள். "நெசமாத்தான் சொல்றியா?" என்று முனிவேல் கேட்டான். "நெசமாத்தான் மாமா" என்றாள். அவன் தாடையைத் தேய்த்துக்கொண்டே, "ரேவதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்றான். அவள் கடைசி அறைக்குப் போய்ச் சொன்னாள். ரேவதி "உன் புள்ளை, உன் இஷ்டம்க்கா. நான் என்னாத்தைச் சொல்றது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தன் பிள்ளைக்குச் செய்த துரோகத்தைச் சரிக்கட்டப் போய் இன்னொருத்தி பிழைப்பில் கை வைக்கிறோமே என்று ருக்மணிக்கு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தோன்றியது. ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அவள் தர்ஷினியைச் சாந்தம்மா வீட்டில் விடவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டே தெரு முனைக்குப் போனாள். கேட்டில் தகராறு வேண்டாம் என்று தாலி வீட்டில்தான் இருந்தது. ஆனால் பிள்ளை இடுப்பில் இருந்தது. சாந்தம்மா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பின்னாலேயே நடந்தும் வந்தாள். வேன் வந்து நின்றது. ஜன்னல் முழுக்க முகங்கள். முன் ஸீட்டில், அன்றைக்கு ஷிப்ட் மாற்றம் பார்க்க வந்திருந்த கமலக்கண்ணனும் இருந்தார். ரேவதி எதையும் பார்க்காதவள் போல முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.

ருக்மணி எல்லோருக்கும் கேட்கும்படி, "கண்ணு, அம்மா வேலைக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லி மகள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

தர்ஷினி வேனைப் பார்த்தாள். முகங்களைப் பார்த்தாள், பிஸ்கட் மாமாவைப் பார்த்தாள். அம்மாவின் நீலச் சட்டையைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து தானே வழுக்கி இறங்கி, சாந்தம்மா பக்கத்தில் போய் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சரிங்க சித்தி. போய்ட்டு வாங்க" என்றாள்.

குரல் கணீரென்று இருந்தது. சொல்லிவிட்டு ருக்மணியைப் பார்த்து, வேலை போகாது என்பது போலத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள்.

கமலக்கண்ணன் ஜன்னல் வழியாகச் சிரித்தார். "பாவம், நேத்து ரொம்பப் பயந்துட்டா. நீதான் இப்ப அவளுக்கு அம்மா மாதிரி. சொல்லிக் குடுக்கறதுல தப்பில்லம்மா, அவ மெதுவா அம்மான்னே கூப்பிடுவா" என்றார். வேனில் இருந்த பெண்கள் அக்கா பிள்ளையை இவ்வளவு பாசமாக யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, ருக்மணிக்கு ஜன்னலோரத்தில் இடம் விட்டார்கள். வாய் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. ரேவதி கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு ருக்மணி ஏறி உட்கார்ந்தாள்.